ஸ்லோ குக்கரில் புல்டு போர்க்: குடும்பத்தோடு உண்ண ஒரு முழுநாள் சமையல்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக வட கரோலினாவில், பன்றி இறைச்சியை விறகுத் தணலின் மிதமான சூட்டில் பல மணி நேரம் வேகவிட்டு, நார் நாராகப் பிரித்து, வினிகர் கலந்த காரச்சாறு ஊற்றிப் பரிமாறுவது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். அப்படிப் பிரித்த இறைச்சியைத்தான் புல்டு போர்க் என்கிறார்கள். விறகையும் புகையையும் இரவெல்லாம் கண்விழிப்பையும் கேட்கும் அந்தச் சமையலை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஆனால், இறைச்சி மெத்தென்று பிரிவதற்குக் காரணமான மெல்லிய சூட்டையும் நீண்ட நேரத்தையும் ஸ்லோ குக்கர் என்னும் மின்சாரச் சமையல் பானை எந்தச் சிரமமும் இல்லாமல் தந்துவிடும். இரவில் கால் மணி நேர வேலை, மாலையில் அரை மணி நேர வேலை. இடைப்பட்ட நேரம் முழுவதும் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. எட்டுப் பேர் வயிறார உண்ணும் அளவுக்கு இங்கே செய்முறையைச் சொல்கிறேன்.

இந்தச் சமையல் சரியாக வராமல் போவதற்கு மசாலா காரணமாக இருப்பது அரிது. தவறான பாகத்தை வாங்குவது, தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவது, கடிகாரத்தை மட்டும் நம்பி வேகுமுன்பே இறக்கிவிடுவது ஆகிய மூன்றும்தான் இறைச்சியைக் கெடுக்கின்றன. ஆகவே, எந்தப் பொடி எத்தனை கரண்டி என்பதைவிட இந்த மூன்றையும் பற்றி விரிவாகச் சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

எந்தப் பாகத்தை வாங்குவது

வாங்க வேண்டியது பன்றியின் முன்னங்கால் சப்பை, அதாவது தோள்பட்டைப் பகுதி. அமெரிக்கக் கடைகளில் இதன் மேற்பாதி 'பாஸ்டன் பட்' என்றும், காலை ஒட்டிய கீழ்ப்பாதி 'பிக்னிக் ஷோல்டர்' என்றும் தனித்தனியே விற்கப்படும். இரண்டிலும் செய்யலாம் என்றாலும் மேற்பாதியே சிறந்தது என்பது என் கருத்து. அதில் தசைக்குள்ளேயே கொழுப்பு மெல்லிய கோடுகளாக ஊடோடியிருக்கும். பெரும்பாலும் தோல் நீக்கியே கிடைக்கும். உள்ளே இருப்பதும் தட்டையான தோள்பட்டை எலும்பின் ஒரு துண்டுதான். கீழ்ப்பாதியில் தோலும் மூட்டும் தசைநார்களும் அதிகம் என்பதால், விலை சற்றுக் குறைவாக இருந்தாலும் கழிவு கூடுதலாகப் போகும்.

'லாயின்' எனப்படும் முதுகுப் பகுதி பார்ப்பதற்குச் சுத்தமாகவும் கொழுப்பில்லாமலும் ஒரே சீராகவும் இருப்பதால், உடல்நலம் கருதி அதை வாங்கத் தோன்றும். அந்தப் பாகம் குறைந்த நேரம் வேகவைத்து, வில்லைகளாக அறுத்துச் சாப்பிடுவதற்கு ஏற்றது. அதை எட்டு மணி நேரம் வேகவைத்தாலும் நாராகப் பிரியத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு நாரும் வறண்டு, வாயில் சக்கையாக நிற்கும், எவ்வளவு சாறு ஊற்றினாலும் அந்த வறட்சி நீங்காது. கொழுப்பைக் குறைக்க விரும்புகிறவர்கள் சப்பையையே வாங்கி, வெந்தபின் வடிந்து மிதக்கும் கொழுப்பை அகற்றிவிடுவதுதான் நல்ல வழி.

எலும்போடு கூடிய 2 கிலோ முதல் 2.3 கிலோ வரையிலான ஒரே துண்டை வாங்குங்கள். வெந்து, எலும்பும் கொழுப்பும் நீங்கியபின் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். அதாவது உண்ணத்தக்க இறைச்சி 1 கிலோவிலிருந்து 1.2 கிலோ வரை கிடைக்கும். பன்னும் முட்டைக்கோஸ் சாலடும் உடன் இருக்கும்போது ஒருவருக்கு 125 கிராம் தாராளமாகப் போதும் என்பதால், எட்டுப் பேருக்கு அது சரியாக இருக்கும். எலும்பில்லாத துண்டைத்தான் வாங்க முடிந்தது என்றாலும் குறையில்லை. அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் வலையையோ நூலையோ அவிழ்த்துவிட்டு, 1.5 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ கறிக்கடையில் வாங்குகிறவர்கள், குழம்புக்குப் போடுவதைப் போலச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுவதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லி, தோல் நீக்கிய சப்பையைத் துண்டாக்காமல் முழுதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

உறைந்த இறைச்சியை நேரே ஸ்லோ குக்கரில் வைக்கவே கூடாது. அதன் நடுப்பகுதி சூடேறுவதற்கு வெகுநேரம் பிடிக்கும்; 4 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், அந்த இடைவெளியில் இறைச்சி நீண்ட நேரம் தங்குவது ஆபத்து. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், சாறு வழியாதபடி ஒரு பாத்திரத்தில் வைத்து, இந்த எடைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி உருகவிடுங்கள்.

வேகும்போது உள்ளே நடப்பது

தோள்பட்டை என்பது விலங்கு நாள் முழுவதும் எடையைத் தாங்கி நடக்கப் பயன்படும் தசை. அதில் தசை இழைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு மிகுதி. பன்றி இறைச்சியின் முழுத் துண்டு 63 டிகிரி செல்சியஸை எட்டி, மூன்று நிமிடம் ஆறினாலே உண்பதற்குப் பாதுகாப்பானது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-இல் வரையறுத்தது. ஆனால் சப்பையை அந்தச் சூட்டில் இறக்கினால் கத்தியால் அறுப்பதே பாடாக இருக்கும். பாதுகாப்பாக வெந்திருப்பது வேறு, பிரியும் பக்குவத்துக்கு வந்திருப்பது வேறு.

60 டிகிரியைத் தாண்டும்போது தசை இழைகள் சுருங்கித் தங்களிடம் உள்ள நீரை வெளியே தள்ளுகின்றன. 70 டிகிரியை ஒட்டித்தான் கொலாஜன் மெதுவாக உருகி ஜெலட்டினாக மாறத் தொடங்குகிறது. அதற்குச் சூடு மட்டுமல்லாமல் மணிக்கணக்கான நேரமும் தேவை. ஆகவே 75 டிகிரி வாக்கில் இருக்கும் இறைச்சிதான் இருப்பதிலேயே மோசமான நிலையில் இருக்கிறது: நீர் போய்விட்டது, ஜெலட்டின் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் மூடியைத் திறந்து குத்திப் பார்க்கிறவர்கள், கெட்டியாக இருப்பதைக் கண்டு, 'அதிகம் வெந்துவிட்டது' என்று பதறி இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது போதுமான அளவு வேகவில்லை. இன்னும் இரண்டு, மூன்று மணி நேரம் விட்டால், 90 முதல் 95 டிகிரிக்குள் கொலாஜன் பெரும்பாலும் உருகி, இழைகளின் மேல் பூசினாற்போல் படிந்து, இழந்த ஈரத்துக்கு ஈடாக ஒரு வழவழப்பைத் தந்துவிடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா முடிவுகளும் தாமே எளிதாகிவிடும்.

ஸ்லோ குக்கர் இதற்கென்றே அமைந்த கருவி போல் இருப்பது தற்செயல் அல்ல. அதற்கு 1940-இல் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சன், லிதுவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஓய்வு நாளான சனிக்கிழமையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே சோலன்ட் என்னும் இறைச்சியும் பயறும் கலந்த உணவைப் பானையில் இட்டு, வேலை முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் ரொட்டிக்கடை அடுப்பில் இரவு முழுவதும் விட்டுவைக்கும் வழக்கத்தைத் தம் தாயிடமிருந்து கேட்டறிந்தே அவர் இக்கருவியை வடிவமைத்தார். பின்னர் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971-இல் கிராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தணிந்த சூட்டில், மூடிய பானைக்குள், கடினமான இறைச்சியை மிருதுவாக்குவது என்பது அன்றைய ரொட்டிக்கடை அடுப்பின் வேலைதான்.

முந்தைய இரவு

2 கிலோ இறைச்சிக்கு உப்பு 25 கிராம், அதாவது தலைதட்டிய நான்கு தேக்கரண்டி, எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சியின் எடையில் ஏறக்குறைய ஒன்றேகால் விழுக்காடு என்ற இந்தக் கணக்கை நினைவில் வைத்திருந்தால், எந்த எடைக்கும் அளவை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். அதனுடன் பழுப்புச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, பாப்ரிகா இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் இரண்டு தேக்கரண்டி, பூண்டுத்தூள் இரண்டு தேக்கரண்டி, கடுகுத்தூளும் சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, காரமான மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். பாப்ரிகா இல்லாத வீட்டில் காஷ்மீரி மிளகாய்த்தூள் அந்த நிறத்தைத் தரும், ஆனால் அதற்குக் கொஞ்சம் உறைப்பு உண்டு என்பதால் அளவைப் பாதியாக்கி, தனி மிளகாய்த்தூளைத் தவிர்த்துவிடுங்கள். பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை தடையின்றிப் பொருந்தும். கரம் மசாலாவும் இஞ்சியும் சேர்க்கக் கை நீளும். சேர்த்தால் அது வேறொரு நல்ல கறியாக இருக்கும், இந்த உணவாக இருக்காது.

இறைச்சியின் மேல் ஒரு பக்கம் படிந்திருக்கும் தடித்த வெண்கொழுப்பை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு விட்டுவிட்டு, எஞ்சியதைச் சீவி எடுங்கள். முழுவதையும் நீக்க வேண்டாம். காகிதத் துவாலையால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, எலும்பைச் சுற்றியுள்ள இடுக்குகள் உட்பட எல்லாப் பக்கமும் மசாலாவை அழுத்தித் தடவி, மூடி, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். உப்பு உள்ளே இறங்குவதற்கு இந்த நேரம் வேண்டும். காலையில் தடவி உடனே வேகவைத்தாலும் சமையல் நடக்கும், ஆனால் உள்பகுதி சப்பென்று இருக்கும். ஒரு முன்னெச்சரிக்கை: இறைச்சியைக் குக்கரின் பீங்கான் பாத்திரத்திலேயே வைத்துக் குளிரூட்டக் கூடாது. சில்லென்றிருக்கும் பீங்கான், சூடாகும் அடிப்பகுதியில் அமர்த்தப்படும்போது விரிசல் விடக்கூடும். அது குளிர்ந்திருப்பதால் இறைச்சி சூடேறுவதும் தாமதமாகும்.

அன்றிரவே வினிகர் சாற்றையும் கலந்து வைத்துவிடலாம், அது ஊற ஊறச் சுவை கூடும். அதன் அளவைப் பின்னால் தருகிறேன்.

காலையில் அடுப்பேற்றுவது

இந்த அளவுக்கு 5.5 முதல் 6 லிட்டர் கொள்ளளவுள்ள ஸ்லோ குக்கர் ஏற்றது. பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் நிறைந்திருப்பதுதான் சீரான வேக்காட்டுக்கு நல்லது. துண்டு பெரிதாக இருந்து மூடி சரியாக அமரவில்லை என்றால், இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டிக்கொள்ளுங்கள். நாரின் நீளம் கொஞ்சம் குறையும், வேறு நட்டமில்லை. அமெரிக்காவில் வாங்கிய குக்கர் 120 வோல்ட் மின்சாரத்துக்கானது. அதை 230 வோல்ட் உள்ள இந்தியாவிலோ இலங்கையிலோ மின்மாற்றி இல்லாமல் செருகினால் கருகிவிடும் என்பதை ஊருக்கு எடுத்துச் செல்கிறவர்கள் மறக்கக் கூடாது.

இரண்டு பெரிய வெங்காயங்களைத் தடித்த வளையங்களாக நறுக்கிப் பாத்திரத்தின் அடியில் பரப்புங்கள். இறைச்சியின் கொழுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி அதன்மேல் வையுங்கள். ஆப்பிள் சைடர் வினிகர் 60 மில்லிலிட்டரும் தண்ணீர் 60 மில்லிலிட்டரும் கலந்து, தடவிய மசாலா கழுவிப் போகாதபடி ஓரமாக ஊற்றுங்கள். அவ்வளவுதான் திரவம். பார்ப்பதற்கு அடியில் ஒரு விரற்கடை கூட நிற்காததால் போதாதோ என்ற ஐயம் எழும். மூடிய குக்கரில் நீராவி வெளியேறுவதில்லை. இறைச்சியும் வெங்காயமும் விடும் சாறே இரண்டு, மூன்று கோப்பை அளவுக்குச் சேர்ந்து, மாலையில் பாத்திரம் பாதி நிறைந்திருப்பதைக் காண்பீர்கள். தொடக்கத்திலேயே தண்ணீரையோ கோலாவையோ பாட்டில் பார்பெக்யூ சாஸையோ நிறைய ஊற்றினால் இறைச்சி நீரில் அவிந்து, சுவை எல்லாம் சாற்றுக்குப் போய்விடும். இனிப்புச் சாஸைக் காலையில் ஊற்றுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு: அதிலுள்ள சர்க்கரை பாத்திரத்தின் ஓரங்களில் ஒட்டிக் கருகும்.

இறைச்சியை முதலில் வாணலியில் பொரித்து நிறமேற்ற வேண்டும் என்று பலர் வற்புறுத்துவார்கள். இந்த உணவுக்கு அதைத் தவிர்த்துவிடலாம் என்றே சொல்வேன். ஈரமான சூட்டில் எட்டு மணி நேரம் கிடக்கும்போது அந்த மொறுமொறுப்பு கரைந்துபோகும். கடைசியில் நிறமேற்ற வேறொரு வழி இருக்கிறது.

மூடியைப் பொருத்தி, வீட்டில் இருக்கும் முதல் ஒரு மணி நேரம் 'ஹை' நிலையில் வைத்துவிட்டுப் பின்னர் 'லோ' நிலைக்கு மாற்றுங்கள். அந்த முதல் மணி நேரச் சூடு, கிருமிகள் பெருகும் வெப்பநிலையை இறைச்சி விரைவாகத் தாண்ட உதவும். அதன்பின் 'லோ'வில் எட்டு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். முழுவதும் 'ஹை'யில் வைத்தால் ஐந்தரை முதல் ஆறரை மணி நேரத்தில் வெந்துவிடும். பெரும்பாலான குக்கர்களில் இரண்டு நிலைகளுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஒரே வெப்பத்தைத்தான் எட்டுகின்றன. எவ்வளவு விரைவாக எட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு. இருந்தாலும், கொலாஜன் உருகுவதற்கு நிதானமான நேரம் கிடைப்பதால் 'லோ' நிலையில் வேகும் இறைச்சியே மேலானது. இரவு ஏழு மணிக்கு உணவு என்றால் காலை எட்டு மணிக்குத் தொடங்கிவிடுங்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு வெந்துவிட்டால், பரிமாறும்வரை 'வார்ம்' நிலையில் இருக்கட்டும். தாமதமாவதைவிட முந்திக்கொள்வது இந்தச் சமையலில் எப்போதும் பாதுகாப்பு.

இடையில் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே தேங்கிய சூடு வெளியேறி, அதை மீட்டெடுக்க இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கிளற வேண்டியதில்லை, புரட்ட வேண்டியதில்லை, தண்ணீர் வற்றிவிடுமோ என்று பார்க்க வேண்டியதும் இல்லை. விறகுப் புகைச்சூட்டில் வேகவைப்பவர்களுக்கு 65 முதல் 75 டிகிரிக்குள் இறைச்சியின் வெப்பம் பல மணி நேரம் ஏறாமல் நின்றுவிடும் தொல்லை உண்டு. மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக் குளிர்விப்பதால் வருவது அது. மூடிய ஸ்லோ குக்கரில் ஆவியாதலுக்கு இடமில்லாததால் அந்தத் தேக்கமும் வருவதில்லை.

வேகும்போது மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் வீட்டில் இருக்கும்போது நின்றால், உடனே எரிவாயு அடுப்புக்கு மாற்றி, கனமான பாத்திரத்தில் மூடி, சிறுதீயில் வேகவைத்து முடித்துவிடுங்கள். வெளியே சென்றிருந்தபோது மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை என்றால், பார்ப்பதற்கு வெந்ததுபோல் இருந்தாலும் அதை உண்ணாதீர்கள். இரண்டு கிலோ இறைச்சியைக் கொட்டுவது மனத்துக்குக் கஷ்டமானதுதான், ஆனால் குழந்தைகளும் முதியவர்களும் உண்ணும் வீட்டில் இதற்கு மாற்று இல்லை.

பக்குவம் பார்ப்பது

எட்டு மணி நேரம் ஆனபின் முதல் முறையாக மூடியைத் திறந்து, ஒரு முள்கரண்டியை இறைச்சியின் தடித்த இடத்தில் நடுவரை குத்தி, மெதுவாக ஒரு திருகு திருகிப் பாருங்கள். பக்குவம் வந்திருந்தால் முள்கரண்டி எதிர்ப்பின்றி உள்ளே இறங்கும். திருகும்போதே அந்த இடத்தில் இழைகள் விலகி, இடையிடையே ஜெலட்டின் பளபளப்பது கண்ணுக்குத் தெரியும். தோள்பட்டை எலும்பின் வெளியே நீட்டிய முனையைக் கிடுக்கியால் பிடித்து லேசாக அசைத்தால், எலும்பு சதை எதுவும் ஒட்டாமல் வெள்ளையாக உருவிக்கொண்டு வர வேண்டும். எலும்போடு வாங்கச் சொன்னதற்கு முதன்மையான காரணம் இந்தச் சோதனைதான். இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. இறைச்சி வெப்பமானி வைத்திருப்பவர்கள், எலும்பில் படாமல் நடுப்பகுதியில் குத்தி, 93 டிகிரி வாக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முள்கரண்டி திணறினால், கடிகாரம் என்ன சொன்னாலும், மூடியைப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

வெந்ததும் உடனே பிரிக்கத் தொடங்காதீர்கள். இறைச்சியை அகன்ற தாம்பாளத்துக்கு மாற்றி, தளர்வாக மூடி, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். மிகுந்த சூட்டில் பிரித்தால் ஆவியோடு ஈரமும் போய்விடும். முற்றிலும் ஆறிப்போனால் ஜெலட்டின் இறுகி, பிரிப்பது கடினமாகும். கை தாங்கும் வெதுவெதுப்பு வந்தபின் இரண்டு முள்கரண்டிகளால், நாரின் போக்கிலேயே இழுத்து, விரற்கடை நீளத்துக்குப் பிரியுங்கள். தூளாக உதிரும்வரை பிய்க்க வேண்டாம். சில தடித்த துண்டுகள் இடையில் இருந்தால்தான் வாய்க்கு நன்றாக இருக்கும். கையுறை அணிந்து விரல்களால் பிரிப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் உருகாமல் எஞ்சிய கொழுப்புக் கட்டிகளும் சவ்வுகளும் விரல்களுக்கு உடனே தட்டுப்படும். அவற்றை அப்போதே எடுத்துப் போட்டுவிடலாம்.

பாத்திரத்தில் நிற்கும் சாற்றை வீணாக்கக் கூடாது. அதை வடிகட்டி, ஓர் உயரமான பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்தால், பொன்னிறக் கொழுப்பு மேலே தெளிந்து நிற்கும். கரண்டியால் அதை முகந்து அகற்றுங்கள். கீழே உள்ள சாறு உப்பும் மசாலாவும் ஜெலட்டினும் செறிந்தது. அதிலிருந்து ஒரு கோப்பையை மட்டும், சுவை பார்த்துப் பார்த்து, பிரித்த இறைச்சியில் கலக்குங்கள். முழுவதையும் ஊற்றினால் குழைந்து, உப்பும் கூடிவிடும்.

இனி நிறமேற்றும் வேலை. வட கரோலினாவின் லெக்சிங்டன் நகர உணவகங்களில், வெளிப்புறம் கருத்து மொறுமொறுத்த துண்டுகளை 'அவுட்சைட் பிரவுன்' என்று தனியாகக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஸ்லோ குக்கரில் அது கிடைக்காது. எனவே பிரித்த இறைச்சியைத் தட்டையான அடுமனைத் தட்டில் பரப்பி, இரண்டு, மூன்று கரண்டி சாறு தெளித்து, ஓவனின் மேற்சூட்டில் நான்கைந்து நிமிடம் வைத்து எடுங்கள். மேலே தெரியும் நுனிகள் கருஞ்சிவப்பாகி மொறுமொறுக்கும், அடியில் உள்ளவை ஈரத்தோடு இருக்கும். ஓவன் இல்லாதவர்கள் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, ஒரு கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பி, கிளறாமல் ஒரு பக்கம் மட்டும் முறுகவிடலாம். இந்தப் படி கட்டாயமில்லை என்றாலும், இதைச் செய்த இறைச்சிக்கும் செய்யாததற்கும் உள்ள வேறுபாடு பெரிது, முடிந்தவரை விட்டுவிடாதீர்கள்.

வினிகர் சாறு

கடையில் விற்கும் கெட்டியான, இனிப்பான, தக்காளி சார்ந்த சாஸ் கன்சாஸ் நகரத்துப் பாணி. அது குழந்தைகளுக்குப் பிடிக்கும், தவறொன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு கொழுப்பும் ஜெலட்டினும் உள்ள இறைச்சிக்குப் புளிப்புதான் பொருத்தம் என்பதைக் கரோலினாக்காரர்கள் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். கிழக்கு வட கரோலினாவில் முழுப் பன்றியை வேகவைத்து, வினிகரும் மிளகாயும் உப்பும் மட்டுமே கலந்த நீர்த்த சாற்றை ஊற்றுகிறார்கள்; தக்காளியை அண்டவிடுவதில்லை. மேற்கே லெக்சிங்டனில் தோள்பட்டையை மட்டும் சமைத்து, அதே வினிகரில் கொஞ்சம் கெட்சப் சேர்த்து, அதை 'டிப்' என்று அழைக்கிறார்கள். தெற்கே, தென் கரோலினாவின் நடுப்பகுதியில், மஞ்சள் நிறக் கடுகுச் சாஸ் வழங்குகிறது.

வீட்டில் செய்ய லெக்சிங்டன் பாணியே எல்லோருக்கும் ஒத்துப்போகிறது. ஆப்பிள் சைடர் வினிகர் 240 மில்லிலிட்டர், கெட்சப் 60 மில்லிலிட்டர், பழுப்புச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, கொரகொரப்பாக இடித்த மிளகாய் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சிறுதீயில் சர்க்கரை கரையும்வரை சூடாக்கி, ஆறியதும் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். கிழக்குப் பாணி வேண்டுமென்றால் கெட்சப்பை விட்டுவிட்டால் போதும். பிரித்த இறைச்சியில் முதலில் கால் கோப்பை மட்டும் கலந்து, மீதியை மேசையில் வைத்துவிடுங்கள். புளிப்பு விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும். இந்தச் சாறு மூன்று, நான்கு வாரம் குளிர்பதனப் பெட்டியில் கெடாமல் இருக்கும்.

பரிமாறுவது

மெத்தென்ற பர்கர் பன்னை வாட்டி, இறைச்சியை வைத்து, அதன்மேலேயே முட்டைக்கோஸ் சாலடை வைத்து மூடுவது தென் மாநிலங்களின் வழக்கம். அரைக் கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாக அரிந்து, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசிறி, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்துவிட்டு, துருவிய கேரட் ஒன்று, வினிகர் மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் சேர்த்துக் கலந்தால் சாலட் தயார். மயோனைஸ் கலந்த சாலடும் வழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் கொழுப்பான இறைச்சியோடு அதையும் சேர்ப்பது திகட்டும் என்பதால் எனக்கு வினிகர் சாலடே உகந்தது. சோளரொட்டி, அவித்த சோளம், பீன்ஸ் என எது உடன் இருந்தாலும் சரி. பெரியவர்கள் பன்னை விரும்பாத வீட்டில் சூடான சாதத்தோடும் இது நன்றாகவே சேரும். அப்போது இறைச்சியில் பாத்திரச் சாற்றைச் சற்றுக் கூடுதலாக விடுங்கள்.

விருந்தினரை அழைக்கும்போதே பன்றி இறைச்சி உண்பார்களா என்று கேட்டுவிடுவது மரியாதை. உண்ணாதவர்கள் இருந்தால் இதே மசாலாவில், இதே முறையில், எலும்பில்லாத கோழித்தொடையை 'லோ'வில் நான்கு முதல் ஐந்து மணி நேரம் வேகவைக்கலாம். அதற்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வையுங்கள்.

மிஞ்சிய இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத சிறு டப்பாக்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பெரிய பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி குளிர்வதற்கு வெகுநேரமாகும். டப்பாவில் போடும்போது, இறைச்சி உலராமலிருக்க, எடுத்துவைத்த சாற்றில் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாளும், உறைநிலைப் பெட்டியில் இரண்டு, மூன்று மாதமும் நன்றாக இருக்கும். மறுபடி சூடாக்கும்போது ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள், அது சூடேற மிகவும் தாமதமாகும். வாணலியில் சாறு தெளித்து, மூடி, ஆவி பறக்கும்வரை, அதாவது 74 டிகிரியை எட்டும்வரை சூடாக்குங்கள். அப்படிச் சூடாக்கியதை மறுநாள் காலையில் வெங்காயத்தோடு வதக்கி, மேலே முட்டை உடைத்து ஊற்றிச் செய்யும் உணவு, குழந்தைகளுக்குப் பன்னில் வைத்துக் கொடுப்பதைவிடவும் பிடித்துப்போகும்.